மருந்து படாத மண்ணில் மருந்தெதிர்ப்பு எப்படி வருகிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த நீங்கள் கேட்டிருப்பது இதுதான். தோட்டத்து மண்ணில் ஒருநாளும் ஆன்டிபயாடிக் இட்டதில்லை. ஆனால் அப்பா காலத்திலிருந்து மயில்துத்தமும் (செம்பு சல்ஃபேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அடித்து வருகிறீர்கள். செம்பு, துத்தநாகம், பாதரசம் போன்ற உலோகங்கள் சேர்ந்த மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக்குகளுக்கும் சாகாமல் நிற்கின்றன என்று படித்தது உண்மையா, உண்மையென்றால் அது எப்படி நடக்கிறது, உங்கள் தோட்டத்தை நினைத்து நீங்கள் அஞ்ச வேண்டுமா?

படித்தது உண்மைதான். ஆனால் "உலோகம் எதிர்ப்பாற்றலை உண்டாக்குகிறது" என்று பலரும் எழுதுவது பிழை. எதிர்ப்பாற்றல் மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. அது தேய்ந்து போகாமல் உலோகம் காக்கிறது, சில இடங்களில் பெருக்கவும் செய்கிறது. இந்த வேறுபாடு வெறும் சொல்வேறுபாடு அன்று. எந்த மண்ணுக்கு அஞ்ச வேண்டும், எந்த மண்ணுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நாம் உட்கொள்ளும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பங்கு மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை. 1943-இல் நியூ ஜெர்சியில் மண் நுண்ணுயிரியலாளர் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தது மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்துதான். நஞ்சைச் செய்கிற உயிர் அந்த நஞ்சால் தான் சாகாமலிருக்க வழி வைத்திருக்க வேண்டும். அதன் பக்கத்தில் வாழ்கிற உயிர்களும் வைத்திருக்க வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் மண்ணிலிருந்து பிரித்த 480 ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைகளை 21 ஆன்டிபயாடிக்குகளுக்கு எதிராகச் சோதித்தபோது, ஒவ்வொன்றும் சராசரியாக ஏழெட்டு மருந்துகளைத் தாங்கி நின்றது. அதே ஆய்வுக்குழு 2011-இல் யூக்கான் பகுதியின் 30,000 ஆண்டுப் பழமையான உறைமண்ணில் டெட்ராசைக்ளின், பீட்டா-லாக்டம், வான்கோமைசின் ஆகியவற்றுக்கான எதிர்ப்பு மரபணுக்களைக் கண்டது. ஆகவே எந்தத் தோட்டத்து மண்ணை எடுத்துச் சோதித்தாலும் எதிர்ப்பாற்றல் கிடைக்கத்தான் செய்யும். "எங்கள் மண்ணில் எதிர்ப்பு மரபணு இருக்கிறதா?" என்பது பொருளுள்ள கேள்வி அன்று. அந்த மரபணு எவ்வளவு பேரிடம் இருக்கிறது, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய வடிவில் இருக்கிறதா, அதைத் தாங்கி நிற்பவற்றுக்கு அந்த மண்ணில் ஏதாவது ஆதாயம் உண்டா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஆதாயம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பது ஒரு பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் செலவு. கூடுதல் டி.என்.ஏ.-வை ஒவ்வொரு முறை பிரியும்போதும் படியெடுக்க வேண்டும், வேண்டாத புரதத்தைச் செய்ய வேண்டும். மருந்து இல்லாத இடத்தில் இந்தச் சுமையில்லாத உறவுக்காரன் கொஞ்சம் வேகமாகப் பெருகி, சுமையுள்ளவனை ஓரங்கட்டிவிடுவான். மருந்துப் பயன்பாட்டை நிறுத்தினால் எதிர்ப்பும் மெல்லக் குறையும் என்று நம்புவதற்கு அடிப்படை இதுவே. அந்த நம்பிக்கையைத்தான் உலோகம் கெடுக்கிறது. உலோக எதிர்ப்பு மரபணுவும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவும் பிளாஸ்மிட் என்னும், பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும் ஒரே டி.என்.ஏ. வளையத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருந்தால், உலோகத்துக்காக அந்த வளையத்தை வைத்துக்கொள்ளும் பாக்டீரியா ஆன்டிபயாடிக் எதிர்ப்பையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். துறையில் இதை உடன்தேர்வு என்கிறோம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கூடவே மற்றொன்றும் தேர்வாகிவிடுகிறது.

இதற்கு இருப்பவற்றுள் மிகத் தெளிவான சான்று பாதரசத்தில் இருக்கிறது. 1950-களில் ஜப்பானில் சீதபேதிக்குக் காரணமான ஷிகெல்லா பாக்டீரியாக்கள் ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போயின. அவற்றில் கிடைத்த ஆர்-100 என்னும் பிளாஸ்மிடைப் பிரித்துப் பார்த்தால், சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் ஆகியவற்றோடு பாதரசத்துக்கான எதிர்ப்பும் அதில் இருந்தது. அவற்றுள் சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்புகளும் பாதரச எதிர்ப்பும் அதற்குள் டி.என்.-21 என்னும் ஒரே தாவும் மரபணுத்தொடரில் அமைந்திருந்தன. பாதரச மரபணுக்கள் செய்யும் வேலை எளியது: நச்சான பாதரச அயனியை உலோகப் பாதரசமாக மாற்றி, ஆவியாக வெளியேற்றிவிடும். குடலில் வாழும் கிருமிக்குப் பாதரசம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அக்காலத்தில் பாதரசச் சேர்மங்கள் மருத்துவமனையில் அன்றாடப் பொருள்கள். நம் வீடுகளில் முழங்கால் சிராய்ப்புக்குத் தடவிய சிவப்பு மருந்தான மெர்குரோகுரோமும் பாதரசச் சேர்மந்தான். பல்லில் அடைக்கும் வெள்ளிக் கலவையிலும் பாதரசம் உண்டு. குரங்குகளின் பல்லில் அதை அடைத்தபோது அவற்றின் வாயிலும் குடலிலும் பாதரசத்தையும் பல ஆன்டிபயாடிக்குகளையும் சேர்த்து எதிர்க்கும் பாக்டீரியாக்கள் பெருகியதை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஆன் சம்மர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் காட்டினார்கள்.

இந்தக் கதையின் முன்பகுதி இன்னும் சுவையானது. சைபீரியாவின் உறைமண்ணில், மனிதன் ஆன்டிபயாடிக் செய்யத் தொடங்குவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உறைந்துபோன பாக்டீரியாக்களில், டி.என்.-5060 என்னும் தொடர் கிடைத்தது. அது ஏறத்தாழ டி.என்.-21 போலவேதான் இருக்கிறது. பாதரச மரபணுக்கள் உண்டு, தாவும் கருவியும் உண்டு. ஆன்டிபயாடிக் மரபணுக்களைச் சேர்த்துக் கோக்கும் இன்டெக்ரான் என்னும் பகுதி மட்டும் இல்லை. அதாவது வண்டி பாதரசத்துக்காக எப்போதோ செய்யப்பட்டது. மருந்தெதிர்ப்பு அதில் பிற்பாடு ஏறிக்கொண்ட பயணி. உலோகத்துக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் உள்ள உறவை விளக்க எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தெரியாது.

செம்பின் கதை பன்றிப் பண்ணையில் இருக்கிறது. தாய்ப்பால் மறக்கும் பருவத்துப் பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் வராமலிருக்கவும் எடை கூடவும் தீவனத்தில் செம்பையும் துத்தநாகத்தையும் உடலின் தேவையைவிடப் பல மடங்கு சேர்ப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அதில் மிகுதியானது சாணத்தோடு வெளியேறி வயலுக்குப் போய்விடும். டென்மார்க்கில் 2002-இல், பன்றிகளின் குடலில் வாழும் என்டரோகாக்கஸ் பாக்டீரியாக்களில் செம்பை எதிர்க்கும், தாவிச் செல்லக்கூடிய ஒரு மரபணுவைக் கண்டார்கள். அது எரித்ரோமைசின் வகை மருந்துகளுக்கும் வான்கோமைசினுக்கும் உரிய எதிர்ப்பு மரபணுக்கள் இருந்த அதே பிளாஸ்மிடில் இருந்தது. வான்கோமைசினுக்கு உறவான அவோபார்சினை டென்மார்க் 1995-இலேயே தீவனத்திலிருந்து நீக்கிவிட்டது. இருந்தும் பன்றிகளிடம் வான்கோமைசின் எதிர்ப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. எரித்ரோமைசினின் உறவான டைலோசினைத் தீவனத்தில் சேர்ப்பது 1998-ஐ ஒட்டி நின்ற பிறகே சரிந்தது. எனவே அங்கே முதற்குற்றவாளி டைலோசின், செம்பு துணைநின்றிருக்கலாம் என்பதே நியாயமான தீர்ப்பு. முழுப்பழியையும் செம்பின் மேல் சுமத்தும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன், அது மிகை. துத்தநாகத்தில் நிலைமை இன்னும் நேரடியானது. பன்றிகளிடம் பரவிய மெத்திசிலின் எதிர்ப்பு ஸ்டஃபைலோகாக்கஸ் வகையில் துத்தநாக எதிர்ப்பு மரபணு மெத்திசிலின் எதிர்ப்பைச் சுமக்கும் அதே தொகுதிக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் பன்றிகளுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதை 2022 ஜூனோடு முடிவுக்குக் கொண்டுவந்ததற்கு மண்ணில் உலோகம் சேர்வது ஒரு காரணம், இந்த உடன்தேர்வு மற்றொரு காரணம்.

மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்வது ஒரு வழி. ஒரே கருவி இரண்டு வேலை செய்வது இன்னொரு வழி: செல்லுக்குள் நுழைந்த உலோகத்தை வெளியே தள்ளும் பம்பு ஆன்டிபயாடிக்கையும் தள்ளிவிடலாம். பாடநூல்களில் இது முதலில் வரும். ஆனால் உண்மையில் இப்படி இரண்டையும் தள்ளுவதாக உறுதியாகக் காட்டப்பட்ட பம்புகள் சிலவே. உலோகப் பம்புகளும் மருந்துப் பம்புகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை வைத்து, அவை ஒன்றே என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அண்ணன் தம்பி என்பதால் இருவருக்கும் ஒரே தொழில் என்று ஆகாது. மூன்றாவது வழி, ஒரே கட்டளையில் இரண்டு காரியம் நடப்பது. சூடோமோனாஸ் எருஜினோசா என்னும் பாக்டீரியா துத்தநாகத்தை உணர்ந்தவுடன் அதை வெளியேற்றும் பம்பை இயக்குகிறது; இயக்கும் அதே கட்டுப்பாட்டுப் புரதம், செல்லின் வெளிச்சுவரில் உள்ள ஒரு துளைப்புரதத்தையும் குறைத்துவிடுகிறது. இமிபெனம் என்னும் கடைசிக்கட்ட மருந்து அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வாசல் சாத்தப்பட்டுவிடுகிறது. துத்தநாகத்துக்காகச் செய்த ஏற்பாட்டில் இமிபெனமும் வெளியே நின்றுவிடுகிறது. 2004-இல் விளக்கப்பட்ட இந்தப் பொறிமுறை ஆய்வகத்தில் ஐயத்துக்கிடமின்றித் தெளிவானது.

இவையெல்லாம் குடலும் ஆய்வகமும். மண்ணில் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி மண்ணைப் பற்றியது.

டென்மார்க்கில் ஹூகும் என்றோர் இடம் உண்டு. அங்கே 1911 முதல் 1924 வரை மரங்களை மயில்துத்தக் கரைசலால் பதப்படுத்தும் பட்டறை இயங்கியது. பிறகு மூடப்பட்டது. நூறு ஆண்டுகள் கழித்தும் அந்த நிலத்தில் செம்பு அப்படியே இருக்கிறது: ஒரு முனையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற இயல்பான அளவு, அங்கிருந்து நடக்க நடக்கக் கூடிக்கொண்டே போய் மறுமுனையில் 3,000 மில்லிகிராமுக்கும் மேல். மண்வகை ஒன்று, மழை ஒன்று, மாறுவது செம்பு மட்டும். எருவோ கழிவுநீரோ கலக்காத இப்படியோர் இயற்கைச் சோதனைக்கூடம் கிடைப்பது அரிது. கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் அந்த மண்ணின் பாக்டீரியாக் கூட்டத்தை, தட்டில் வளர்க்காமலேயே, மொத்தமாக அளந்து பார்த்தபோது, செம்பு மிகுந்த மண்ணில் வாழும் கூட்டம் செம்பை மட்டுமல்லாமல் ஆன்டிபயாடிக்குகளையும் கூடுதலாகத் தாங்கியது. அதற்கு முன்பு 2005-இல், செம்பு சேர்த்த வயல்மண்ணிலிருந்து பிரித்த செம்பெதிர்ப்புப் பாக்டீரியாக்கள் ஆம்பிசிலினையும் சல்ஃபா மருந்தையும் மற்றவற்றைவிட அதிகமாக எதிர்ப்பதை அதே நாட்டவர் கண்டிருந்தார்கள்.

ஆனால் என்னை உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார வைத்தது 2017-இல் அதே குழுவினர் வெளியிட்ட இன்னொரு சோதனை. ஒரே வேளாண் மண்ணைப் பங்கிட்டு, சிலவற்றில் செம்பு, சிலவற்றில் துத்தநாகம், சிலவற்றில் டெட்ராசைக்ளின் என்று பல்வேறு அளவுகளில் கலந்து, எந்த மண்ணின் பாக்டீரியாக் கூட்டம் டெட்ராசைக்ளினை எதிர்க்கப் பழகுகிறது என்று பார்த்தார்கள். கிலோவுக்கு 365 மில்லிகிராமும் அதற்கு மேலும் செம்பு இருந்த மண்ணிலும், 264 மில்லிகிராமும் அதற்கு மேலும் துத்தநாகம் இருந்த மண்ணிலும் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு உயர்ந்தது. டெட்ராசைக்ளினையே கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை, வயலில் ஒருபோதும் காண முடியாத அளவுக்குக் கொட்டிய மண்ணில் உயரவில்லை. காரணத்தையும் அவர்களே காட்டினார்கள். டெட்ராசைக்ளின் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு சில நாளில் பாக்டீரியாவின் கைக்கு எட்டாமல் போய்விடுகிறது. உலோகம் எட்டும்படியே இருக்கிறது. ஆன்டிபயாடிக்குக்கு ஆயுள் நாள்கணக்கிலோ மாதக்கணக்கிலோ முடியும். உலோகம் தனிமம், அதைச் சிதைக்க எந்த உயிராலும் ஆகாது. வடிவம் மாறலாம், இடம் மாறலாம், இல்லாமல் போகாது.

இதைச் சொன்ன பிறகு, இத்துறையின் பலவீனங்களையும் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். "மாசுபட்ட இடத்தில் உலோகமும் அதிகம், எதிர்ப்பு மரபணுவும் அதிகம், ஆகவே உலோகமே காரணம்" என்ற வடிவில் ஆண்டுதோறும் ஏராளமான கட்டுரைகள் வருகின்றன. சாக்கடை நீரும் பண்ணைச் சாணமும் உலோகத்தை மட்டுமா கொண்டுவருகின்றன? மருந்தின் மிச்சத்தையும், மருந்துக்குப் பழகிய குடல் பாக்டீரியாக்களையும் ஒன்றாகவே கொண்டுவந்து கொட்டுகின்றன. சீனாவின் மூன்று பெரிய பன்றிப் பண்ணைகளின் எருவிலும் மண்ணிலும் 149 வகை எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்ததாகவும், அவற்றின் அளவு செம்போடும் ஆர்சனிக்கோடும் சேர்ந்து உயர்ந்ததாகவும் 2013-இல் வெளியான ஆய்வு புகழ்பெற்றது; சிறந்த ஆய்வும்கூட. ஆனால் அங்கே தீவனத்தில் செம்பு, ஆர்சனிக், ஆன்டிபயாடிக் மூன்றும் ஒன்றாகவே போயின. யார் பங்கு எவ்வளவு என்று அந்தத் தரவை வைத்துப் பிரிக்க முடியாது. மனிதக் குடலில் மட்டும் வாழும் ஒரு வைரஸை மலக்கலப்பின் அளவுகோலாக வைத்து 2019-இல் செய்த ஆய்வொன்று, மாசுபட்ட பல சூழல்களில் எதிர்ப்பு மரபணுக்களின் அளவை மலக்கலப்பு ஒன்றே பெரிதும் விளக்கிவிடுகிறது என்று காட்டியது. ஆகவே கழிவுநீர் பாயும் நிலம் என்றால் நான் முதலில் சந்தேகிப்பது சாக்கடையை, உலோகம் அடுத்தது.

இன்னொரு சிக்கல், உலோகம் மண்ணில் யார் வாழ்கிறார்கள் என்பதையே மாற்றிவிடும். மென்மையானவை சாகும், பிறவியிலேயே தடித்த சுவரும் பல மருந்துகளைத் தாங்கும் இயல்பும் உள்ளவை எஞ்சும். அப்போது அளந்தால் எதிர்ப்பு கூடியிருக்கும், ஆனால் ஒரு மரபணுகூட ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்காது. மருத்துவத்துக்கு இது அவ்வளவு பெரிய ஆபத்தன்று. 2015-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் குழுவினர் முழுமையாகப் படிக்கப்பட்ட 2,522 பாக்டீரியா மரபுத்தொகுதிகளையும் 4,582 பிளாஸ்மிடுகளையும் அலசியபோது, உலோக எதிர்ப்பும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் ஒரே பிளாஸ்மிடில் அமர்ந்திருப்பது மனிதரிடமிருந்தும் வளர்ப்பு விலங்குகளிடமிருந்தும் எடுத்தவற்றில்தான் மிகுதி என்றும், வெளிச்சூழலிலிருந்து எடுத்தவற்றில் அரிது என்றும் கண்டார்கள். இதை நான் இப்படிப் படிக்கிறேன்: எருவோ கழிவுநீரோ சேராத, உலோகம் மட்டும் உள்ள மண் தானாகவே மருத்துவமனைக் கிருமிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளியாக மாறிவிடுவதில்லை. ஆனால் எருவின் வழியே அத்தகைய பிளாஸ்மிடுகள் வந்து சேரும்போது அவை மறையாமல் தங்க இடங்கொடுக்கும் மண் அது.

இப்போது உங்கள் தோட்டம். போர்டோ கலவை 1885 வாக்கில் பிரான்சின் போர்டோ பகுதியில் மில்யார்தே என்பவரால் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கென்றே உருவானது; ஆகவே செம்பு சேர்ந்த திராட்சை மண் என்பது ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை. கணக்கைப் பார்ப்போம். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம். அதில் கால் பங்கு செம்பு. எக்டருக்கு ஆயிரம் லிட்டர் அடித்தால் இரண்டரைக் கிலோ செம்பு. அது முழுவதும் மேல்மண்ணின் 15 சென்டிமீட்டருக்குள், ஏறத்தாழ 2,200 டன் மண்ணில் தங்குகிறது என்று வைத்தால், ஒரு தெளிப்புக்குக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைச் சற்றே தாண்டும். தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆண்டுக்கு நான்கு தெளிப்பு, ஐம்பது ஆண்டு என்றால் 220 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடுகிறது. டேனியச் சோதனையின் 365 அதற்கப்பால் வெகுதொலைவில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளில் எக்டருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் கூடாது என்று 2019 முதல் கட்டுப்படுத்துவதன் பின்னணியும் மண்ணில் செம்பு இப்படிச் சேர்வதுதான். இதே கணக்கை நெல்லுக்கு இடும் துத்தநாக சல்ஃபேட்டுக்குப் போட்டால், எக்டருக்கு 25 கிலோவில் ஐந்து கிலோ சொச்சம் துத்தநாகம், மண்ணில் கிலோவுக்கு இரண்டரை மில்லிகிராம்கூட ஆகாது. அதையும் பயிர் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்தப் பதிலைப் படித்துவிட்டு யாரும் துத்தநாகப் பற்றாக்குறை உள்ள வயலுக்குத் துத்தநாகம் போடாமல் நிறுத்திவிட வேண்டாம்.

மொத்தச் செம்பு எவ்வளவு என்பது பாதிக் கதைதான். பாக்டீரியாவைத் தொடுவது மண்நீரில் கரைந்த செம்பு. களியும் கரிமப் பொருளும் மிகுந்த, சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் செம்பு இறுகப் பிடிபட்டிருக்கும். அமிலத்தன்மையுள்ள மணற்பாங்கான மண்ணில் அதே அளவு செம்பு பல மடங்கு நஞ்சாகும். நீங்கள் மயில்துத்தத்தோடு சுண்ணாம்பையும் சேர்த்தே அடித்து வந்திருக்கிறீர்கள் என்பது இந்த வகையில் நல்லதே.

நான் உங்களிடம் உறுதியாகத் தடுக்க விரும்பும் ஒன்று உண்டு, அது போர்டோ கலவை அன்று. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கும், எலுமிச்சையின் சொறிநோய்க்கும், மாதுளையின் பாக்டீரியாப் புள்ளிக்கும் ஸ்ட்ரெப்டோசைக்ளின் பொட்டலத்தைச் செம்புச் சேர்மமான காப்பர் ஆக்ஸிகுளோரைடோடு ஒரே டேங்கில் கலந்து அடிக்கும் பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. அந்தப் பொட்டலத்தில் இருப்பவை ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் கொடுத்த மருந்து. உடன்தேர்வு நடப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை ஓர் ஆய்வாளன் உட்கார்ந்து யோசித்தாலும் செய்ய முடியாது. அமெரிக்காவில் ஓக்லஹோமாவின் நாற்றுப்பண்ணை மரங்களில், சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் தாவர நோய்க்கிருமியில் செம்பு, ஸ்ட்ரெப்டோமைசின் இரண்டுக்குமான எதிர்ப்பு ஒரே பிளாஸ்மிடில் சேர்ந்துவிட்டதை 1993-லேயே பதிவுசெய்திருக்கிறார்கள். அங்கே இருந்த ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு மரபணு இணை, மனிதரிடமும் கால்நடைகளிடமும் காணப்படும் பாக்டீரியாக்களில் உள்ள அதே இணைதான். அப்படிச் சேர்ந்த பிறகு ஸ்ட்ரெப்டோசைக்ளினை நிறுத்தினாலும், செம்பு அடித்துக்கொண்டிருக்கும் வரை ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு இறங்காது. இந்திய அரசு 2021 டிசம்பரில் ஸ்ட்ரெப்டோமைசினையும் டெட்ராசைக்ளினையும் வேளாண்மையில் தடைசெய்வதற்கான வரைவாணையை வெளியிட்டது. திராட்சையில் உங்களுக்கு அந்தப் பொட்டலத்துக்கு வேலையே இல்லை. அடிச்சாம்பல் பாக்டீரியா நோயன்று.

தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் குரோமியம் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் பின்புறம் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். குரோமியத்துக்கும் ஆன்டிபயாடிக் எதிர்ப்புக்கும் உள்ள சான்று, செம்பு, பாதரசம், துத்தநாகம் ஆகியவற்றுக்கு உள்ளதைவிட மெலிந்தது. ஆயினும் ஒன்றை மறைக்க முடியாது: அசித்ரோமைசினைச் செயலிழக்கச் செய்யும் ஒரு மரபணுவும், குரோமேட்டை வெளியேற்றும் பம்பின் மரபணுவும், மருத்துவமனை நோயாளிகளின் குடல் பாக்டீரியாக்களில் உள்ள பிளாஸ்மிடுகளில் மிக நெருங்கிய அண்டை வீட்டுக்காரர்களாக அடிக்கடி காணப்படுகின்றன. அறுமதிப்பு குரோமியம், அதாவது குரோமேட், கலந்த நிலத்தில் கழிவுநீரும் கலந்தால் என்ன நடக்கும் என்பதை யாராவது முறையாக அளக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: செம்பை அடக்குவதற்குச் சுண்ணாம்பு நல்ல மருந்து என்றேன், குரோமேட்டுக்கும் ஆர்சனிக்குக்கும் அது நேர்மாறாக வேலை செய்யும். காரத்தன்மை கூடினால் அவ்விரண்டும் மண்துகளை விட்டு நழுவி நீரில் சேரும். குரோமேட்டைக் கரிமப் பொருளாலும் இரும்பு சல்ஃபேட்டாலும் நச்சு குறைந்த மும்மதிப்பு வடிவத்துக்கு இறக்குவதே முறை.

பழத்தை உண்ணலாமா என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக. மண்ணில் உள்ள எதிர்ப்பு மரபணு நஞ்சன்று. கழுவிய பழத்தில் ஒட்டியிருக்கும் சில மண் பாக்டீரியாக்கள் உடல்நலமுள்ளவர் வயிற்றில் பிழைப்பதும் அரிது. கவனிக்க வேண்டியது தோட்டத்துக்குள் என்ன வருகிறது என்பதையே. செம்பு சேர்ந்த மண்ணுக்குக் கோழிப் பண்ணை எருவைப் பச்சையாகக் கொண்டுவந்து கொட்டுவதுதான் நான் மேலே விவரித்த இரண்டு பாதியையும் ஒன்றுசேர்க்கும் செயல்: தீவனத்தின் மருந்துக்குப் பழகிய பாக்டீரியாக்கள் எருவில் வருகின்றன, அவற்றின் பிளாஸ்மிடுகளை விடாமல் பிடித்து வைக்கச் செம்பு காத்திருக்கிறது. எருவைக் குவித்து, உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும்படி மட்கச் செய்து, புரட்டிப்போட்டு, மீண்டும் சூடேற விட்டு இடுங்கள். அந்தச் சூடு குடல் பாக்டீரியாக்களைப் பெருமளவு கொன்றுவிடும். எருவில் உள்ள செம்பையும் துத்தநாகத்தையும் அது ஒன்றும் செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தெளிப்பைப் பொறுத்தவரை, அடிச்சாம்பல் வரும் பருவத்துக்கு முன் பந்தலுக்குள் காற்றோட்டம் வரும்படி கவாத்து செய்து, மழை, பனி நிலவரம் பார்த்துத் தெளித்தால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு தெளிப்பைக் குறைக்க முடியும். மண்ணில் ஏற்கெனவே சேர்ந்த செம்பைச் செடிகளை வளர்த்து உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், எத்தனை ஆண்டில் என்று திருப்பிக் கேளுங்கள். ஓர் அறுவடையில் செடி எடுப்பது எக்டருக்குக் கிராம் கணக்கில்தான் இருக்கும், நீங்கள் இட்டது கிலோ கணக்கில்.

மண் பரிசோதனை நிலையத்தில் வழக்கமாக டி.டி.பி.ஏ. என்னும் கரைசலால் பிரித்தெடுத்து, பயிருக்குக் கிடைக்கக்கூடிய செம்பைச் சொல்வார்கள். அது பயிருக்குப் பற்றாக்குறையா என்று பார்ப்பதற்கான எண், பாக்டீரியாவுக்கு மிகையா என்பதற்குத் தோராயமாகவே உதவும். முடிந்தால் அமிலத்தில் கரைத்து மொத்தச் செம்பையும் அளந்து தரச் சொல்லுங்கள். கொடிகளின் அடியிலிருந்து ஒரு மாதிரி, கலவையே படாத வரப்போரத்திலிருந்து ஒரு மாதிரி, இரண்டும் மேல் 15 சென்டிமீட்டரில் எடுத்தவை. முடிவுகளை மண்ணின் கார அமில நிலை, கரிமச்சத்து எண்களோடு சேர்த்து எழுதுங்கள். இரண்டு மாதிரிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் உங்கள் அப்பா காலத்திலிருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.